புளிக்காத இலை

2024 நவம்பர் 16, சனிக்கிழமை. தசாவுங்டைன் பௌர்ணமிக்கு மறுநாள். காலை 4.50க்கு எழுந்தேன். 5.00க்கு மின்சாரம் வந்தது. அந்த வார முறைப்படி எங்கள் தெருவுக்கு ஒன்பது மணி வரை இருக்கும். 5.05க்கு மோட்டாரைப் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினேன். 5.10க்கு குக்கரில் அரிசி வைத்தேன். 5.15க்கு முருகன் படத்துக்கு விளக்கேற்றி, அம்மாவின் புத்தர் அலமாரியில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்தேன். 5.20க்குப் பின்னறைக் கதவைத் திறந்தேன்.

இதுவரை உள்ள வரிகளை என் டைரியிலிருந்து அப்படியே எடுத்தேன். இருபத்தொன்பது வருடமாக இப்படித்தான் எழுதிவருகிறேன். இங்கே பர்மாவில், கியாக்டடா பகுதியில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வீட்டிலும் அதே கைதான், அதே பழக்கம்தான். அதே நகரத்தில், தாமுவே பகுதியில் ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் நானும் தம்பியும் மட்டும் இருக்கிறோம். எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. அவனுக்கு நாற்பத்தாறு.

பின்னறை தம்பியின் தண்ணீர்த் தோட்டம். அவன் பதினொரு வருடம் தாய்லாந்தில் இருந்தான். அங்கே ஒரு பண்ணையில், மண்ணே இல்லாமல் சத்து கலந்த தண்ணீரில் வேரைத் தொங்கவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் செடி வளர்ப்பது அவன் வேலை. ஏப்ரலில் திரும்பி வந்தான். வந்தபிறகு ஐந்து மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சாப்பிட்டாயா என்றால் தலையாட்டுவான். வேறு பேச்சு கிடையாது. செப்டம்பர் கடைசியில் ஒருநாள் குழாய்கள், விளக்குகள், பேட்டரி என்று ஒவ்வொன்றாக மாடியேறி வந்தன. ஒரு பக்கம் வெள்ளைக் குழாய்களில், பச்சையாகத் தின்னும் சலாட் கீரை வைத்தான். இன்னொரு பக்கம் வெள்ளித் தாள் ஒட்டிய கூடாரம் ஒன்றைக் கட்டி, அதற்குள் ஒன்பது கறுப்பு வாளிகளில் சின்பவுங் வைத்தான்.

சின்பவுங் என்றால் நம் புளிச்சக்கீரை. இந்த ஊரில் அது வேகாத அடுப்பு கிடையாது. தாய்லாந்து ரகம், இலை கொஞ்சம் ஒல்லியாக இருக்கும், ஓட்டல்காரர்கள் கேட்கிறார்கள் என்றான் தம்பி. விரல்களை விரித்தது போன்ற இலை, ஓரத்தில் பல். தினமும் சந்தையில் பார்க்கிற வடிவம்தான். எனக்கு ஒரு கேள்வியும் எழவில்லை.

முதல் நாளே ஒரு நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தான். "அக்கா, இதை நீதான் எழுதணும். உன்னை மாதிரி யாரும் எழுத மாட்டாங்க" என்றான். அவனுக்குத் தமிழ் படிக்கச் சரியாக வராது என்பதால் பர்மிய எழுத்தில் எழுதினேன். காலையும் மாலையும் தண்ணீரின் சூடு, விளக்கு எரிந்த நேரம், செடியின் உயரம். தண்ணீரின் புளிப்பைக் காட்டுவதற்குப் பேனா மாதிரி ஒரு கருவி உண்டு. அதை ஒவ்வொரு வாளியிலும் நனைத்து எண்ணைக் குறிப்பேன். வாளிக்கு வாளி என் கையெழுத்தில் அட்டை கட்டித் தொங்கவிட்டேன். மாலையில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டுவான். "ஆறாவது ஏன் வளரல அக்கா?" என்பான். பதினொரு வருடத்தில் பேசாததை அந்த ஏழு வாரத்தில் பேசினோம். தாய்லாந்தில் அவன் தங்கியிருந்த அறை, கூட இருந்த கரென் இனத்துக்காரர், அம்மா இறந்த செய்தி வந்த நாள். எல்லாம் அந்தப் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்துதான் பேசினோம்.

இரண்டு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். செடியைக் கூடாரத்தைவிட்டு வெளியே எடுக்கக் கூடாது. இலையைக் கிள்ளக் கூடாது. பூச்சி வரும் என்றான். நான் அதையும் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த முதல் விதியை மீறினேன். ஆறாம் வாளிக்குக் காற்று கொடுக்கும் சின்ன மோட்டார் நின்றுபோய் இரண்டு நாளாகச் செடி தொங்கிக் கிடந்தது. தம்பி காலையிலேயே பேட்டரி வாங்க லத்தா கடைத்தெருவுக்குப் போய், கூட்டாளி வீட்டில் தங்கிவிட்டான். கதவுக்கு வெளியே, படிக்கட்டுத் திருப்பத்தில், நல்ல காற்று வரும். மாலை 6.10க்கு வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்தேன். குறிப்பும் எழுதினேன்: "வாளி 6, நாள் 47, காற்றுக்காக வெளியே."

என்ன ராத்திரி என்பதை மறந்துவிட்டேன். தசாவுங்டைன் பௌர்ணமி ராத்திரியை இங்கே காகம் விழிக்காத திருவிழா என்பார்கள். காகம் எழுவதற்குள் வெளியே கிடக்கும் சாமானை எடுத்து இடம் மாற்றி வைத்து வேடிக்கை பார்ப்பது வழக்கம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ராணுவ ஆட்சியில் ஊர் இருக்கிற இருப்பில் தெருவில் இப்போது யாரும் செய்வதில்லை. கட்டடத்துக்குள், மாடிக்கு மாடி, இன்னும் நடக்கிறது.

சனிக்கிழமை காலை எட்டு வாளிக்கும் எழுதிவிட்டு, ஆறாவதைப் பார்க்க 5.40க்குக் கதவைத் திறந்தேன். வாளி இல்லை. அது இருந்த இடத்தில் ஐந்தாம் மாடிக்காரரின் பெயர்ப்பலகை சாய்ந்து நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. அதையும் எழுதுகிறேன், ஏனென்றால் அன்று நான் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

ஒவ்வொரு மாடியாகத் தேடிக்கொண்டு இறங்கினேன். இரண்டாம் மாடிக்குப் போகும்போதே கீழே பேச்சும் சிரிப்பும் கேட்டன. முதல் மாடியில், பத்து வீட்டுத் தலைவர் வீட்டு வாசலில், என் வாளி நின்றது.

பத்து வீட்டுத் தலைவர் என்பவர் எங்கள் கட்டடத்துக்கும் வட்டார அலுவலகத்துக்கும் நடுவில் இருப்பவர். யார் வீட்டில் யார் தங்குகிறார்கள், யார் புதிதாக வந்தார்கள் என்று எழுதிக் கொடுப்பது அவர் பொறுப்பு. நல்ல மனிதர். ஆனால் கண்டதை எழுதிக் கொடுத்தே ஆகவேண்டியவர்.

செடியைப் பதேத்தாபின்னாக அலங்கரித்திருந்தார்கள். இந்தப் பண்டிகைக்குக் கிளைக் கிளையாக ஒரு சட்டம் கட்டி, துண்டு, சோப்பு, பல்குச்சி என்று துறவிகளுக்கு வேண்டிய சாமான்களை அதில் தொங்கவிட்டு மடத்துக்கு எடுத்துப்போவார்கள், அதுதான் பதேத்தாபின். என் செடியின் கிளைகளில் ஒரு சோப்பு, இரண்டு பல்துலக்கும் பிரஷ், ஒரு நூடுல்ஸ் பொட்டலம், காகித விசிறி, உச்சியில் கைக்குட்டை. வாளியின்மேல் சாக்பீஸால் "தானம்: நாலாம் மாடி" என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் என் அட்டை, என் கையெழுத்து.

தலைவரின் மனைவி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், வடக்கே ஒரு கிராமத்திலிருந்து கலியாணமாகி வந்தவர். மூன்றாம் மாடி சீனப் பெண் வாளியைப் போனில் படம் எடுத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டே மேலே போனாள்.

மருத்துவமனை வேலை என்பதால் கட்டடம் முழுக்க என்னைச் சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சர் என்பது போன்ற மரியாதை. எங்கள் பேச்சு பர்மிய மொழியில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"வாங்க சயாமா, உங்க தானம் வந்து சேர்ந்துடுச்சு! சாது, சாது, சாது!" என்று, தானத்துக்குச் சொல்லும் வாழ்த்தை மூன்று தரம் சொன்னார். "மூணு மாடி தானா இறங்கி வந்திருக்கு பாருங்க. உங்க தம்பியைவிடச் சுறுசுறுப்பு."

"மன்னிக்கணும்மா. காத்துக்கு வெச்சேன். இன்னிக்கு என்ன நாள்னே மறந்துட்டேன்."

"மறக்கறதா? நீங்களா? எழுதி வெச்சிருப்பீங்களே!"

அவருடைய காலடியில் ஒரு தட்டு இருந்தது. அதில் இலைகள். செடியின் அடிக்கிளைகளில் கிள்ளியிருந்தார். மறுநாள் மடத்துக்குச் சோறு கொடுக்கும் முறை அவர்களுடையது. மூங்கில் குருத்தும் இறாலும் போட்டுச் சின்பவுங் வதக்கலாம் என்று நினைத்ததாகச் சொன்னார்.

"உரிமையோட கிள்ளிட்டேன். தானம்னு எழுதியிருக்கே!"

"தாராளமா எடுத்துக்குங்க" என்றேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"உங்க தம்பி வளர்க்கறதா?"

"ஆமா. மண்ணே இல்லாம, தண்ணியிலேயே."

"எத்தனை வாளி?"

"ஒன்பது."

"எத்தனை நாளா?"

"இன்னியோட நாற்பத்தெட்டு நாள். தினம் ரெண்டு வேளை எழுதறேன்மா. உயரம், சூடு, தண்ணியோட புளிப்புகூட. ஒருநாள்கூட விட்டதில்லை."

பத்து வீட்டுத் தலைவரின் மனைவியிடம், அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, கேட்ட ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு எண் விடாமல் பதில் சொன்னேன். சரியான தகவல் கொடுப்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு. அன்றும் இருந்தது.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். தட்டிலிருந்து ஓர் இலையை எடுத்து என்னிடம் நீட்டினார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மெல்லுங்க."

"எதுக்கும்மா?"

"மெல்லுங்க சயாமா."

மென்றேன். சின்பவுங்கைப் பச்சையாகக் கடித்தால் பல் கூசும், வாயில் தண்ணீர் ஊறும். எதுவும் நடக்கவில்லை. கொஞ்சம் கசந்தது. பிசின் மாதிரி ஏதோ நாக்கில் ஒட்டியது. இன்னொரு தரம் மென்றேன். புளிப்பு என்பது அந்த இலையில் எங்கேயும் இல்லை.

"புளிக்குதா?"

"இல்லை."

"எனக்கும் புளிக்கலை. நல்லவேளை, சட்டியில போடறதுக்கு முன்னாடி கடிச்சுப் பார்த்தேன். இல்லேன்னா நாளைக்கு மடத்துல சாமியாருங்க எல்லாம் ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரிச்சிட்டு இருந்திருப்பாங்க." குரலைத் தாழ்த்தினார். "எங்க ஊர்ல கோழிக் குழம்புல இதை ரெண்டு இலை போடுவாங்க. எங்க மாமா ஒருத்தர் ஒரு கிண்ணம் கூடச் சாப்பிட்டுட்டு, சாயங்காலம் முழுக்க ஒரு ஆட்டைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தார். இது சின்பவுங் இல்லை சயாமா. பேரை நான் சொல்ல மாட்டேன். சொன்னா நான் தெரிஞ்சவ ஆயிடுவேன்."

எனக்கு உடனே புரிந்தது என்று எழுதினால் அது பொய். பெயர் தெரியும், மருத்துவமனைப் பதிவேட்டில் போதைக் கேஸ்களுக்கு எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். அந்தப் பெயரும் என் பின்னறையும் ஒன்றோடொன்று சேர மறுத்தன. "இல்லைம்மா, தாய்லாந்து ரகம்" என்று சொன்னேன். சொல்லும்போதே தாய்லாந்தில் அது கடையில் விற்கிற பொருள் என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. பிறகு கூடாரம். பிறகு வெளியே எடுக்காதே, இலையைக் கிள்ளாதே. படியில் உட்கார்ந்தேன்.

அவர் ஒரு கோப்பை வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். வாயிலிருந்த கசப்பைக் கழுவிக் குடித்தேன்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். "தெரிஞ்சவங்க யாரும் இப்படி நாள் கணக்குச் சொல்ல மாட்டாங்க. இப்ப கேளுங்க. என் வீட்டுக்காரர் பகோவுக்குப் போயிருக்கார், நாளைக்கு மதியம் வர்றார். அவர் கண்ணாடியைப் போட்டா வாசல்ல கிடக்கற பஸ் டிக்கெட்டைக்கூடப் படிப்பார். படிச்சா எழுதுவார். எழுதலேன்னா அவரைக் கேப்பாங்க. அவர் வர்றப்போ இந்தப் படிக்கட்டுல ஒரு இலை இருக்கக் கூடாது. மேலயும் இருக்கக் கூடாது. உங்க புத்தகமும் இருக்கக் கூடாது."

தட்டிலிருந்த இலைகளை என் மடியில் கொட்டினார். ஒன்றுகூட விடாமல் தரையில் தேடிப் பொறுக்கினார். உச்சியிலிருந்த கைக்குட்டை அவருடையது. அதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

வாளியில் பாதித் தண்ணீரை அவர் வீட்டுக் குளியலறையில் ஊற்றிவிட்டு, செடியை மடக்கி, அவர் கொடுத்த பழைய லுங்கியால் மூடிக்கட்டி மாடியேறினேன். சோப்பும் பிரஷும் உள்ளே கிடந்து குலுங்கின. நாலாம் மாடிக்கு வந்து தாழ்ப்பாள் போட்டபோது மணி 6.25. அதற்குப் பிறகு 8.15 வரை டைரியில் ஒன்றும் இல்லை. இருபத்தொன்பது வருடத்தில் நான் விழித்திருந்த நேரத்துக்குக் கணக்கு இல்லாதது அந்த ஒரு இடத்தில்தான். இப்போது யோசித்தாலும் சமையலறைத் தரையும், கைக்கு எட்டும் தூரத்தில் அந்த வாளியும்தான் தெரிகின்றன. சோறு வெந்து குக்கர் அணைந்து கிடந்தது.

8.15க்கு எழுந்து பின்னறைக்குப் போய் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். நாற்பத்தெட்டு நாள். ஒரே அளவு எழுத்து, நேரான கோடு, எங்கேயும் அடித்தல் இல்லை. தம்பி எழுதியது ஒரு வரிகூட இல்லை. யாராவது இதைப் பிரித்துப் பார்த்தால் செடி வளர்த்தது யார் என்பார்கள்? இந்த நாட்டில் ஒரு செடி வைத்திருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போனவர்கள் எத்தனை வருடம் கழித்து வந்தார்கள், சிலர் எப்படி வரவில்லை என்றும் தெரியும். பயம் ஒரு பக்கம் இருந்தது. அதைவிட வேறு ஒன்று என்னை அடித்துப்போட்டது. தினம் இரண்டு வேளை தண்ணீரின் புளிப்பை அளந்தேன். ஒருநாள்கூட ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்க்கவில்லை. சந்தையில் கீரைக்காரியிடம்கூடக் கடித்துப் பார்த்து வாங்குகிறவள் நான்.

தம்பி 11.40க்கு வந்தான். எங்கள் தெருவில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும், மேலே மணி இருக்கும். அவன் இழுத்ததும் மணி அடித்தது. வழக்கமாகச் சாவியைக் கயிற்றில் மாட்டி இறக்குவேன். அன்று நானே இறங்கிப்போய்க் கதவைத் திறந்தேன். அவனுக்கு முன்னால் படியேறினேன். உள்ளே வந்ததும் மடியில் வைத்திருந்த இலையை நீட்டினேன்.

"மெல்லு."

பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். பேட்டரியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"யாரு சொன்னாங்க?"

"முதல் மாடி அம்மா."

"தலைவர் வீடா?" போய்த் தாழ்ப்பாள் போட்டான். "அக்கா, அங்கே எப்படிப் போச்சு?"

சொன்னேன். ஒன்பது வாளி என்று சொன்னதையும், நாற்பத்தெட்டு நாள் என்று சொன்னதையும் சொன்னேன். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நாள் கணக்குமா சொன்னே?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"அக்கா, உன்னை என்ன பண்றது!"

"என்னை என்ன பண்றதா? நீ என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

அவன் பேட்டரியை ஓரமாகத் தள்ளினான். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னான். "அங்கே இது வேலை அக்கா. வெள்ளைக் கோட்டுப் போட்டுட்டுச் செஞ்சேன். முதலாளி என்னை எல்லாருக்கும் முன்னாடி வெச்சுக் காட்டுவார், இவன் கை வெச்சா எதுவும் சாகாதுன்னு. எல்லை தாண்டி இங்கே வந்ததும் அதே செடி, அதே கை, ஜெயிலு. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. லத்தாவுல ஒருத்தன் விளக்குத் தர்றேன், வளர்த்துக் குடுன்னான்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா எழுதியிருப்பே."

"என்னது?"

"உள்ளது உள்ளபடி எழுதியிருப்பே அக்கா. பேரோட. நீ எழுதாம இருந்து நான் பார்த்ததே இல்லையே. எப்படியும் உள்ளே வருவே, பார்ப்பே, டைரியில எழுதுவே. அதான் சின்பவுங்னு சொல்லி நானே புத்தகத்தைக் குடுத்துட்டேன்."

அறைந்தேன். அவனுக்கு நாற்பத்தாறு வயது, தலையில் பாதி நரை. கன்னத்தில் அறைந்தேன். இதற்கு முன் அவனை அடித்தது அவன் ஒன்பதாவது படிக்கும்போது. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. அந்த ஏழு வார மாலைகளும் எனக்குள் புரண்டன. பக்கத்தில் உட்கார்ந்து அவன் பேசியதில் எது எனக்காகப் பேசியது, எது புத்தகத்துக்காகப் பேசியது? கேட்டேன்.

"எல்லாமே உன்கிட்டதான் பேசினேன்" என்றான். "செடியைத் தவிர."

பன்னிரண்டரைக்கு வேலையை ஆரம்பித்தோம். அவன் கூடாரத்தைப் பிரித்தான். ஒன்பது செடியையும் வேரோடு எடுத்து, கீரை நறுக்கும் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கினான். நான் சுண்ணாம்பு கரைத்த தொட்டியில் ஊறப்போட்டுக் கிளறினேன். வாசனை தெருவுக்குப் போகாமலிருக்க வெங்காயமும் காய்ந்த இறாலும் வறுத்துக்கொண்டே இருந்தேன்; கண் எரிந்ததற்கு அதைக் காரணம் காட்டிக்கொண்டேன். நடுவில் லத்தாக்காரனுக்குப் போன் செய்தான். வேர் அழுகி எல்லாம் செத்துப்போச்சு, விளக்கைத் திங்கட்கிழமை கொண்டுவந்து தருகிறேன் என்றான். அந்தப் பக்கம் ஏதோ கத்தினார்கள். "கை வெச்சா சாகாதுன்னு சொன்னியேங்கறான்" என்று போனை வைத்தபிறகு சொன்னான். எங்கள் இருவர் முகத்திலும் ஏதோ வந்து போனது. சிரிப்பு என்று அதை எழுத மாட்டேன்.

நாலு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். இருவரும் அப்படியே நின்றோம். முதல் மாடி அம்மா. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. உள்ளே வந்து நேராகப் பின்னறைக்குப் போனார். கூடாரம் இருந்த இடம், கவிழ்த்து வைத்த வாளிகள், தொட்டியிலிருந்த சாம்பல்நிறக் கூழ், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தம்பியை மட்டும் பார்க்கவில்லை.

"மூணாம் மாடிப் பொண்ணு படம் எடுத்துச்சே" என்றான் தம்பி, தலையைக் குனிந்தபடி.

"அவ போன்லேர்ந்து அதை அழிக்க வெச்சேன். ஓரத்துல என் மூஞ்சி பூசணிக்காய் மாதிரி இருக்கு, உனக்குப் புண்ணியமாப் போகும் எடுத்துடுன்னேன்." பிறகு அவனைப் பார்த்தார். "தம்பி, நான் உன்னைக் காப்பாத்தலை. இந்தச் சயாமாவோட பேரை என் வீட்டுக்காரர் கையால எழுதிக் குடுக்கற நிலைமை வரக் கூடாது. அவ்வளவுதான்."

குழாய்களில் இருந்த சலாட் கீரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு இலையைக் கிள்ளிக் கடித்தார். மென்று முடித்தபிறகுதான் "இது சரி" என்றார். மறுநாள் மடத்துச் சோற்றுக்கு இரண்டு கட்டு வாங்கிக்கொண்டார். கதவருகே திரும்பி நின்று, "புத்தகம்?" என்று கேட்டார்.

"இன்னும் இருக்கு" என்றேன்.

"அதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

தம்பிக்கு வேறொரு யோசனை இருந்தது. சலாட் கீரைக்கும் குறிப்பு அதே புத்தகத்தில்தான் இருக்கிறது, வீணாகக் கிழிப்பானேன், சின்பவுங் பக்கங்களின் கடைசியில் "வேர் அழுகிச் செத்தது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் யார் கேட்டாலும் கீரைதான் என்று சொல்லலாமே என்றான். பேனாவைக்கூட எடுத்துக் கொடுத்தான். கையில் வாங்கி, தேதி போட்டு, நாள் 48, மாலை என்று எழுதினேன். அதற்குமேல் பேனா நகரவில்லை. அதுவரை எழுதியது தெரியாமல் எழுதிய பொய். இந்த வரி தெரிந்தே எழுதுவது. பொய் எழுதுவதைவிடக் கிழிப்பது எனக்கு எளிதாக இருந்தது. நான் அதுவரை எந்தப் புத்தகத்திலும் ஒரு தாளைக்கூடக் கிழித்ததில்லை. தையல் பிரியாமல் கிழிப்பது எப்படி என்று தெரியவில்லை, தம்பிதான் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு தாளாகத் தண்ணீரில் போட்டேன். எண்கள் முதலில் கலங்கின, பிறகு கோடுகள். அட்டைகள் ஒன்பதையும் போட்டேன். கை நீலமாகிவிட்டது. கடைசித் தாள் கூழாகும்போது மணி 6.50. செடிக் கூழையும் தாள் கூழையும் கழிப்பறையில் ஊற்றினோம்.

"நான் போயிடவா அக்கா?" என்று கேட்டான். "எங்கேயாவது?"

"எங்கே போவே? வேற ஊர்ல போய் வேற யாரையாவது எழுதச் சொல்வியா?" என்றேன். "இங்கேயே இரு. சலாட் கீரை போடு. அது போதும்."

சரி என்றான். நம்பினேனா என்று டைரியில் எழுதவில்லை. எழுதியது இவ்வளவுதான்: "தம்பி இருக்கிறான். ஒன்பது வாளி காலி. சோப்பு ஒன்று, பிரஷ் இரண்டு, விசிறி ஒன்று, நூடுல்ஸ் ஒன்று யாருடையவை என்று தெரியவில்லை. நாளை கேட்க வேண்டும்."

மறுநாள், நவம்பர் 17, ஞாயிறு. 4.50க்கு எழுந்தேன். மோட்டாரைப் போடவில்லை, அரிசி வைக்கவில்லை, விளக்கேற்றவில்லை. முதல் வேலையாகப் பின்னறைக்குப் போனேன். தம்பி முன்பே எழுந்து குழாய்களுக்கு நடுவில் நின்றிருந்தான். அளக்கும் பேனாவை என்னிடம் நீட்டினான். அதை வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்தேன். முதல் குழாயின் முதல் செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, அவன் பார்த்துக்கொண்டிருக்க, வாயில் போட்டு மென்றேன்.